பிளட் குரூப் பார்த்து பிபி சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை

மக்களே, "நமக்கு ஓ பாசிடிவ், பிபியெல்லாம் கிட்டவே வராது"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. "பி குரூப்பா? அப்ப வரும்"னு பயமுறுத்தறவங்களும் இருக்காங்க. ராசிபலன் மாதிரி ஆயிடுச்சு ரத்த வகை.

தொடர்பே இல்லையான்னு கேட்டா, இருக்கு. 1901-ல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் எழுதிய ரத்த வகையை, 9-ஆவது குரோமோசோமில் இருக்கிற ஒரே மரபணுதான் தீர்மானிக்குது. பிபி மாத்திரைகளில் ஒரு வகை, ஏசிஇ என்கிற என்சைமைத்தான் அடக்கும். அந்த என்சைமின் செயல்பாட்டில் இந்த மரபணுவுக்கும் பங்கு உண்டுன்னு 2010-ல் தைவானில் ஒரு ஆய்வு வந்தது. 2012-ல் வந்த ஹார்வர்டு ஆய்வில், ஓ வகையை விட ஏபி-க்கு 23%, பி-க்கு 11%, ஏ-வுக்கு 5% இதயநோய் அபாயம் கூடுதல். கவனிங்க, அது இதயநோய்க் கணக்கு. பிபி கணக்கு இல்லை.

பிபி கதையே வேற. 2018-ல் பத்து லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்து, பிபியோட தொடர்புள்ள 535 புது மரபணு இடங்களைக் கண்டுபிடிச்சாங்க. பழசையும் சேர்த்தா 901. ஒவ்வொண்ணும் பிபியை ஏத்துறது துளியூண்டு. அந்தப் பெருங்கூட்டத்துல ரத்த வகையும் ஒரு ஆள்னு வெச்சுக்கிட்டாலும், அதை மட்டும் பார்த்து ஒருத்தருக்கு பிபி வருமா வராதான்னு சொல்றது ஜோசியம்தான்.

இன்னொரு குழப்பமும் இருக்கு. நூறு, இருநூறு பேரை வெச்சுச் செய்யற ஆய்வில் ஒண்ணு ஓ-ங்கும், ஒண்ணு பி-ங்கும், இன்னொண்ணு தொடர்பே இல்லைங்கும். நம்ம ஊர்ல ஓ வகைதான் அதிகம். அப்ப பிபி பேஷண்ட்லயும் ஓ தானே அதிகமா இருக்கும்? பிபி இல்லாதவங்களோட ஒப்பிடாம தலையை மட்டும் எண்ணினா என்ன பிரயோஜனம்?

எனக்கு இதுல பயம் என்னன்னா, "ஓ" ஆளுங்க செக் பண்ணாமலே விட்டுடுவாங்க. பிபி இருக்கிற பெரியவங்கள்ல 46% பேருக்கு அது இருக்கிறதே தெரியலைன்னு 2021-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லுச்சு. வலியா, காய்ச்சலா, சத்தமே இல்லாம இருக்கும்.

பரம்பரைதான் பார்க்கணும்னா அப்பா அம்மாவுக்கு பிபி இருக்கான்னு கேளுங்க. கையில பட்டையைக் கட்டி அளந்து பாருங்க. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்குல சேர்த்திதான். ரத்த வகையை ரத்த தானத்துக்கு வெச்சுக்குங்க, அங்க அது உண்மையிலேயே உயிரைக் காப்பாத்தும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. மாத்திரை சாப்பிடறவங்க இதைப் படிச்சுட்டு நிறுத்திடாதீங்க சாமி!