நாற்காலி எதன் மேல் நிற்கிறது?

ஃபோர்த் பாலம் என்றதும் சிவில் பசங்க எல்லோருக்கும் ஒரே படம்தான் ஞாபகம் வரும். இரண்டு பேர் நாற்காலியில் கைகளை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு பலகையில் ஜப்பானிய இன்ஜினியர் கைச்சி வாதனாபே அந்தரத்தில் இருப்பார். கான்டிலீவர் தத்துவத்தை விளக்க பெஞ்சமின் பேக்கர் செய்த ஏற்பாடு அது. செமினாரில் இதைப் போட்டுக் கைதட்டல் வாங்காத ஆள் குறைவு. நல்ல படம்தான். ஆனால் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: அந்த நாற்காலிகள் எதன் மேல் நிற்கின்றன?

(ஃபோர்த் என்றால் 'நாலாவது' இல்லை மக்களே! அது ஸ்காட்லாந்தில் ஒரு ஆறு. அதன் அகன்ற முகத்துவாரத்தின் மேல்தான் இந்த ரயில் பாலம். 1882-ல் வேலை ஆரம்பம், 1890 மார்ச் 4-ல் திறப்பு விழா.)

பாலத்தின் மூன்று கோபுரங்களுக்கும் தலா நான்கு கால்கள், ஆக 12 அடித்தளங்கள். அதில் 6 அடித்தளங்களைக் கட்டியது காற்றழுத்தக் கெய்சன் முறையில். ஒரு டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்து வாளித் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே தண்ணீர் ஏறாது இல்லையா? அதே கதைதான். டம்ளரின் விட்டம் 70 அடி, அவ்வளவுதான் வித்தியாசம்! அடியில் 7 அடி உயர அறை. அழுத்திய காற்றை உள்ளே செலுத்தித் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு, ஆட்கள் இறங்கிக் களிமண்ணையும் பாறையையும் வெட்டுவார்கள். வெட்ட வெட்ட, மேலே கொட்டிய கான்கிரீட்டின் கனத்தில் கெய்சன் இறங்கிக்கொண்டே போகும். மிக ஆழமானது உயர் அலை மட்டத்திலிருந்து 89 அடி கீழே போனது. அங்கே காற்றழுத்தம் வெளியே இருப்பதைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

அந்த அறைக்குள் வெட்டியவர்களில் பெரும்பாலோர் இத்தாலி, பெல்ஜியம், பிரான்ஸ் நாடுகளிலிருந்து கான்ட்ராக்டர் கொய்சோ கூட்டிவந்த ஆட்கள். பாலம் முடிந்ததும் ஃபவுலர், பேக்கர், அர்ரால் மூவருக்கும் பட்டங்கள் கிடைத்தன. கீழே வெட்டியவர்களின் பெயர்களைப் பாடப் புத்தகத்தில் தேடிப் பாருங்கள். கிடைக்காது.

"அடித்தளம் என்ன பெரிய விஷயம், டிசைன்தானே முக்கியம்" என்பவர்களுக்கு டே பாலம்தான் பதில். தாமஸ் பௌச் கட்டிய அந்தப் பாலத்தில், ஆற்றின் அடியில் பாறை இருக்கிறது என்று துளையிட்டுப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அது வெறும் மெல்லிய கெட்டிப் படலம் என்று பிறகு தெரிந்தது. அதனால் செங்கல் தூண்களைக் கைவிட்டு, எடை குறைந்த இரும்புத் தூண்களுக்கு மாறினார்கள். 1879 டிசம்பர் 28 இரவு, புயல்காற்றில் பாலம் ரயிலோடு ஆற்றில் விழுந்தது. இரும்பு வார்ப்பும் மோசம், காற்றின் வேகத்தைக் கணக்கிட்டதும் மோசம். ஆனால் சறுக்கல் ஆரம்பித்தது கீழே, ஆற்றுப் படுகையில்!

ஃபோர்த்தில் செத்தவர்கள் எத்தனை பேர்? வெகுகாலம் எல்லோரும் ஒப்பித்த எண் 57. உள்ளூர் ஆர்வலர்கள் பழைய பதிவுகளைத் தோண்டிப் பெயர் பெயராகச் சேர்த்தபோது 73 ஆனது. நினைவுச் சின்னம் வந்தது 2012-ல். பாலம் திறந்து 122 வருஷம் கழித்து! இன்ச் கணக்கில் இரும்பை அளந்த நாட்டுக்கு ஆள் கணக்கு மட்டும் தப்பிப் போனது எப்படி?

நியாயமாகவும் பேசிவிடலாம். அந்த 73 பேரில் 38 பேர் உயரத்திலிருந்து விழுந்தவர்கள். கெய்சன் நோயால் இறந்ததாகப் பதிவானவர் ஒருவர். பாலத்துக்கு அடியில் மீட்புப் படகுகளை நிறுத்தியிருந்தார்கள், அதனால் உயிர் பிழைத்தவர்களும் உண்டு. நிர்வாகம் அரக்கர் கூட்டம் இல்லை. ஆனால் "ஒருத்தர்தானே" என்று முடித்துவிட முடியாது. கோலி சோடாவைத் திறந்ததும் குமிழி பொங்குவதுபோல, அழுத்தம் சட்டென்று குறைந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் வரும். மூட்டுகள் முறுக்கும், கால் விளங்காமலும் போகலாம். சாவுக் கணக்கில் இந்த வலிக்கு இடம் கிடையாது.

"அந்தக் காலத்தில் தெரியாது பாஸ்" என்ற சமாதானமும் செல்லாது. குமிழிதான் காரணம், மெதுவாக அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று பால் பெர் புத்தகமே எழுதியது 1878-ல். ஃபோர்த்தின் முதல் கெய்சன் தண்ணீரில் இறங்கியது 1884-ல். ஃபோர்த்தில் வேலை பார்த்த எர்னஸ்ட் மோயர் பிறகு நியூயார்க்கின் ஹட்சன் சுரங்கத்துக்குப் போனார். அங்கே நோயாளியை இரும்பு அறையில் வைத்து மீண்டும் அழுத்தம் ஏற்றி, மெல்லக் குறைக்கும் ஏற்பாட்டைச் செய்தார். சாவுகள் மளமளவென்று குறைந்தன. அந்த அறைக்குத் தேவைப்பட்டது ஒரு இரும்பு உருளையும் கொஞ்சம் அக்கறையும்தான்.

ஆகவே, "பலி இல்லாமல் பெரிய வேலை நடக்காது" என்று யாராவது அடுத்த செமினாரில் தத்துவம் பேசினால், மோயரின் பெயரைச் சொல்லுங்கள். வாதனாபே படத்தைத் தாராளமாகப் போடுங்கள். அதற்கு அடுத்த ஸ்லைடில், மண்ணுக்குள் போன அந்த 7 அடி அறையையும் போடுங்கள்.