செவிலியர் ஆய்வு: எண்ணா, சொல்லா?

செவிலியர் ஆய்வுலகில் பழைய சண்டை ஒன்று உண்டு. உண்மை ஒன்றே, அளந்துவிடலாம் என்பது ஒரு கட்சி. அது ஆளுக்கு ஆள் வேறுபடும், கேட்டுத்தான் அறிய வேண்டும் என்பது மறு கட்சி. இரண்டையும் சேர்ப்பதுதான் கலப்பு முறை ஆய்வு.

அந்தப் பெயர் வருமுன்னே, இந்தியாவுக்கு வராமலே அதைச் செய்தவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். இங்கிருந்த ராணுவ முகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். ஆண்டுக்கு ஆயிரம் பிரிட்டிஷ் வீரர்களில் 69 பேர் இறந்தார்கள் என்றது 1863-ல் வந்த அறிக்கை. ஏன் என்பதை, குடிநீர், சாக்கடை பற்றி முகாம்கள் எழுதிய பதில்கள் சொல்லின.

திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்தை நினைத்துப் பாருங்கள். கர்ப்பிணிக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை எத்தனை என்று கிராம சுகாதார செவிலியரின் பதிவேடு சொல்லும். குமட்டலுக்குப் பயந்து எத்தனையை விழுங்காமல் விட்டார் என்பது திண்ணையில் உட்கார்ந்து பேசினால்தான் வெளிவரும்.

இரண்டும் முரண்பட்டால்? கேள்விக்கு விடை காண எது உதவுமோ அதைக் கையாளலாம் என்கிறது ஜான் டூயி போன்றோரின் நடைமுறைவாதம். வசதியானதை எடுத்துக்கொள் என்று அதற்குப் பொருளில்லை! கணக்கேடும் சரக்கிருப்பும் ஒத்துவராவிட்டால் தணிக்கையாளர் ஒன்றைக் கிழித்துப் போடுவதில்லை. அந்த வித்தியாசத்தில்தான் வேலையைத் தொடங்குகிறார். கலப்பு முறை ஆய்வும் அங்கேதான் தொடங்க வேண்டும். இல்லையேல் பதிவேடு நிறைந்திருக்கும், தாயின் ரத்தசோகை தீராது.