மிஞ்சினது யாருடைய பங்கு?

மார்கழி மழை பிடிச்சால் யாழ்ப்பாணத்தில பின்னேரமே இருட்டின மாதிரி இருக்கும். வாடைக்காற்று யன்னலுக்குள்ளால வந்து எங்களைப் போர்வைக்குள்ள சுருட்டிப்போடும். சூடா ஏதாவது குடிக்கவேணும் போல இருக்க, உடனே கடைக்கு ஓடி ஒரு சூப் பக்கெட் வாங்கிவாறம். குசினியில மத்தியானம் மிஞ்சின பருப்பும், சோறும், பாதிக் கரட்டும் இருக்கிறது எங்கட கண்ணில படுறதே இல்லை.

அந்த மிச்சம் கடைசியில் எங்கே போகிறது? அநேகமான வீடுகளில் அம்மாவின் கோப்பைக்குத்தான். "எனக்கு இது காணும், நீங்கள் புதுசைச் சாப்பிடுங்கோ" என்று அவ சொல்லுவா. நாங்களும் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டு எழும்பிப் போயிடுறம். புதுசு எங்களுக்கு, பழசு அவவுக்கு என்ற பங்கீட்டை யாரும் பேசித் தீர்மானிக்கவில்லை. அதனால்தான் அது இவ்வளவு காலமாக மாறாமல் இருக்கிறது.

மிச்சத்தை மதிக்கத் தெரியாத ஆக்கள் இல்லை நாங்கள். மிஞ்சின கறிகளை ஒரே சட்டியில போட்டு வற்றவைக்கிற சுண்டக்கறிக்கு அடிபடாத பிள்ளைகள் உண்டா? இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் ‘ரிபொல்லிட்டா’ என்றொரு சூப் இருக்கிறது. பெயரின் பொருளே ‘திரும்பக் கொதித்தது’ என்பதுதான். முதல்நாள் மரக்கறிச் சூப்போடு காய்ந்த பாணையும் சேர்த்துக் கொதிக்கவைத்த ஏழைகளின் சாப்பாடு அது. இன்று உணவகங்களில் காசு கொடுத்துச் சாப்பிடுகிறார்கள்.

2022 செப்டெம்பரில் இலங்கையின் உணவுப் பணவீக்கம், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 94.9 வீதம். காஸுக்கு வரிசையில் நின்ற அந்த நாட்களில் ஒரு பிடி சோற்றின் பெறுமதி எல்லோருக்கும் தெரிந்தது. வரிசை போனதும் அதை மறந்துவிட்டோம்.

சூப் வைக்கப் பெரிய கைப்பழக்கம் தேவையில்லை. வெங்காயமும் நாலு பல்லு உள்ளியும் வதக்கி, கரட், லீக்ஸ் தண்டு, கிடக்கிற மரக்கறியைப் போடுங்கோ. கறிக்கு வெட்டேக்க ஒதுக்கின கோழி எலும்பு இருந்தால் அதையும் போட்டு, ஐந்து கோப்பை தண்ணியில முக்கால் மணித்தியாலம் அவியவிடுங்கோ. பிறகு மிஞ்சின பருப்பும் ஒரு பிடி சோறும். சோற்றின் மாப்பொருள் கரைந்து சூப் தானாகத் தடிக்கும், சோளமா தேவையில்லை. மிளகும் நற்சீரகமும் இடிச்சுப் போட்டு, கடைசியா ஒரு பிடி முருங்கையிலை. பருப்பில் ஏற்கெனவே உப்பு இருக்கிறதால, உப்பை ருசி பார்த்துத்தான் போடவேணும். அடுப்பால இறக்கினபிறகு தேசிக்காய் விடுங்கோ.

ஒரு கவனம். சோற்றையும் கறியையும் சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வைக்கவேணும். வெளியில் கிடந்த சோற்றில் உருவாகும் ஒருவகை நஞ்சு திரும்பக் கொதிக்கவைத்தாலும் அழியாது. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் மத்தியானமே சூப்பை வைத்துக் குடித்து முடிப்பதுதான் நல்லது. தேங்காய்ப்பால் விட்ட கறியை இதுக்குள் சேர்க்கவேண்டாம், அது கெதியாப் பழுதாகும்.

இதுவும் அம்மாவின் தலையில் இன்னொரு வேலையாக விழுந்தால் இவ்வளவும் எழுதியதில் பிரயோசனமில்லை. மரக்கறி வெட்டுவதும், சட்டி கழுவுவதும் எங்கட வேலையாக இருக்கவேணும், ஆம்பிளைப் பிள்ளைகள் உட்பட. பிறகு எல்லாருக்கும் ஒரே சட்டியில இருந்துதான் வார்க்கவேணும், அப்பாவுக்கும் தம்பிக்கும் கூட. அடுத்த மழை நாளில் பக்கெட் வாங்கப் போகமுதல் ஒருக்கா குசினிக்குள்ள போய்ப் பாருங்கோ. அம்மாவை இருக்கச் சொல்லி, முதல் கோப்பையை அவவின்ர கையில குடுங்கோ.