பாலம் மிச்சம், ஆறு எங்கே?

இத்தாலியின் பலெர்மோ நகரிலுள்ள அம்மிராலியோ பாலம் 12-ஆம் நூற்றாண்டில் நார்மன் ஆட்சியில் கட்டியது. வளைவுகள் அப்படியே நிற்கின்றன. அடியில் ஓட வேண்டிய ஓரெத்தோ ஆறுதான் இல்லை. கடந்த நூற்றாண்டில் அதை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். பாலத்தடியில் இப்போது புல் முளைத்திருக்கிறது.

நகரத்தின் பப்பிரெத்தோ, கெமோனியா ஆறுகளுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. தெருக்களுக்கு அடியில் புதைத்தாயிற்று. (கூவத்தை வைத்துக்கொண்டு நாம் சிரிக்க முடியாது.)

ஓரெத்தோவின் நீர் வரும் மேட்டில் அல்தொஃபோந்தே என்றொரு ஊர். பெயருக்கே ‘உயரத்து ஊற்று’ என்றுதான் பொருள். ஊற்றுநீர் தெளிவாகவே புறப்படுகிறது. வழியில் வீட்டுச் சாக்கடை கலக்கிறது. குழாயும் கிணறும் ஆளுக்கொரு பங்கை உறிஞ்சுகின்றன. கடலைத் தொடுவது மிச்சமும் கழிவும்.

2024 வறட்சியில் இதே பலெர்மோ குழாய்த் தண்ணீரை முறைவைத்து விட்டது. அங்கே வாழும் யாழ்ப்பாணத் தமிழர்களுக்குக் குடம் வைத்துக் காத்திருப்பது புதிதல்ல. ஊரில் சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த கதையும் அவர்களுக்குத் தெரியும்.

பலெர்மோ மக்கள் சும்மா இல்லை. காக்க வேண்டிய இடங்களுக்காக இத்தாலியச் சுற்றுச்சூழல் அறக்கட்டளை (FAI) 2018-இல் நடத்திய வாக்கெடுப்பில் ஓரெத்தோவை நாட்டிலேயே இரண்டாமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். வாக்கு போட்டாயிற்று. இனி சாக்கடை வாய்களை ஒவ்வொன்றாக அடைத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்ப வேண்டியது அரசின் வேலை. ஊற்றிலிருந்து எடுக்கும் நீருக்கும் அளவு வேண்டும், அதுவும் அடுத்த கோடைக்குள்.