ஜீனோவுக்கு உணர்வு இருக்கா? இருக்கட்டும், ஜீவா யாரு?

சாட்ஜிபிடி 2022-ல் வந்தாலும் வந்தது, எங்கே பார்த்தாலும் ஒரே பல்லவி: "வாத்தியார் அன்னைக்கே சொல்லிட்டாருய்யா!" செல்லூர் டீக்கடை வரைக்கும் ஜீனோ புராணம்தான். சுஜாதா என்ன கிளி ஜோசியரா மக்களே?

'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதில் புத்தகம் படித்து, கிண்டலடித்து, சுயமாக யோசிக்கும் இயந்திர நாய் ஜீனோ. அதற்கு உணர்வு உண்டா என்பது நல்ல கேள்விதான். ஆனால் அதே கதையில், நாடே கும்பிடும் தலைவர் ஜீவா வெறும் ஹோலோகிராம் பிம்பம். ஆட்டிவைத்தது திரைக்குப் பின்னால் இருந்த மனிதர்கள். இதை ஏன் ஒருத்தரும் பேசுவதில்லை?

சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் அவர் பங்கும் உண்டு. இயந்திரத்துக்குப் பின்னால் ஆள் இருப்பது அவருக்குத் தெரியாதா என்ன?

செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிறவரைக் கேளுங்கள். தறிக்கு உணர்வு உண்டா என்று அவர் மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டார். தறி யாருடையது, கூலி எவ்வளவு என்றுதான் கேட்பார். சாட்பாட்டிடமும் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.

ஜீனோவைக் கொஞ்சியது போதும் சாமிகளா. ஜீவாவைத் தேடுங்க!