ஜாப்புக்கு விலை அட்டவணையில் அடங்காதா?

சிவகாசியில் எந்த அச்சகத்துக்குள் நுழைந்து எக்செல் பேச்சை எடுத்தாலும் இந்தப் பதில் வரும்: "ஒவ்வொரு ஜாப்பும் ஒவ்வொரு தினுசு தம்பி. அதெல்லாம் கட்டத்துக்குள்ள அடங்காது. ரேட்டு மனசுல இருக்கணும்."

சொல்கிறவரைச் சாதாரணமாக எடைபோட முடியாது. மாதிரித் தாளைக் கையில் வாங்கி, விரலிடுக்கில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, "எழுபது ஜிஎஸ்எம்" என்பார், அதாவது சதுர மீட்டருக்கு எழுபது கிராம். அரை நிமிடத்தில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று விலையும் வந்து விழும். அப்படிப்பட்ட ஒரு அண்ணாச்சியிடம் பதினோரு வருடம் எஸ்டிமேட் போட்டவன் நான். அவர் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆனால் கட்டத்துக்குள் அடங்காது என்ற அந்த வாக்கியம் சரியில்லை. அதற்கு முட்டுக்கொடுக்க அவரும் அவர் வயதுக்காரர்களும் சொல்லும் காரணங்களில் ஒன்றிரண்டைத் தவிர மற்றவை நிற்கவில்லை.

முதலில் எக்செல்லில் வி-லுக்கப் என்ற தேடல் சூத்திரம் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பட்டியலில் ஒரு பெயரைத் தேடி, அந்தப் பெயருக்கு நேரே இருக்கும் விலையை எடுத்து வந்து கொடுக்கும். மளிகைக் கடைப் பையன் விலைப்பட்டியலில் விரலை ஓட்டுவானே, அவ்வளவுதான். 1979-இல் டான் பிரிக்ளினும் பாப் ஃப்ராங்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளைக் கொண்டுவந்தபோதே லுக்கப் அதில் இருந்தது. நேற்று வந்த வித்தை இல்லை.

"ஒவ்வொரு ஜாப்பும் ஒவ்வொரு தினுசு" என்பதற்கு வருகிறேன். ஜாப் வேறு வேறுதான். அதன் உறுப்புகள் வேறு வேறா? 160 பக்கம், டெமி எட்டில் ஒன்று அளவில் ஒரு புத்தகம், ஆயிரம் பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 23-க்கு 36 அங்குல டபுள் டெமித் தாள் ஒன்றில் முன்னும் பின்னும் 32 பக்கம் விழும். புத்தகத்துக்கு 5 தாள், ஆயிரத்துக்கு 5,000 தாள், அதாவது 10 ரீம். அங்குலக் கணக்கில் நீளத்தை அகலத்தால் பெருக்கி, அதை ஜிஎஸ்எம்மால் பெருக்கி, 3,100-ஆல் வகுத்தால் 500 தாள் ரீமின் எடை கிலோவில் வரும். 60 ஜிஎஸ்எம் டபுள் டெமி என்றால் 16 கிலோ. ஆக 160 கிலோ தாள், வேஸ்டேஜ் தனி. பிறகு பிளேட், அச்சுக்கூலி, மடிப்பு, பைண்டிங், அட்டைக்கு லேமினேஷன். திருமண அழைப்பிதழுக்கும் மருந்துப் பெட்டிக்கும் இதே உறுப்புகள்தான். சில கூடும், சில குறையும்.

அண்ணாச்சியிடம் 3,100 என்ற எண்ணைச் சொன்னால் முகம் சுளிப்பார். அவர் வகுக்கமாட்டார். "அறுபது டபுள் டெமியா, பதினாறு கிலோ" என்பது நாற்பது வருடமாக அவர் தலையில் உட்கார்ந்திருக்கிறது. எழுபதுக்கு ஒரு எடை, எண்பதுக்கு ஒரு எடை என்று வரிசையாக இருக்கிறது. கேட்டதும் அந்த வரிசையில் தேடி எடுக்கிறார். வி-லுக்கப் செய்வதும் இதைத்தான். அட்டவணையில் அடங்காது என்று சொல்கிறவரே ஓர் அட்டவணையைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார். என்ன, அவர் ஊருக்குப் போய்விட்டால் அந்த அட்டவணையும் கூடவே போய்விடுகிறது.

இரண்டாவது குற்றச்சாட்டுதான் கனமானது: "அது தப்பான ரேட்டைக் குடுத்துரும். குடுத்ததும் தெரியாது." இதற்கு என் கையாலேயே சாட்சி கொடுத்திருக்கிறேன். ஆர்ட் பேப்பருக்கு ஜிஎஸ்எம் வாரியாக ரீம் விலைப் பட்டியல் வைத்திருந்தேன். 90, 130, 170 என்று மேலிருந்து கீழ். 100 ஜிஎஸ்எம் புதிதாக வந்ததும் டிடிபி தம்பி அதை அடியில் சேர்த்துவிட்டான். அடுத்த வாரம் ஒரு கேட்லாக் வேலை, 100 ஜிஎஸ்எம்மில் 40 ரீம். சூத்திரம் 90 ஜிஎஸ்எம்மின் விலையை எடுத்துக் கொடுத்தது. சிவப்பு இல்லை, எச்சரிக்கை இல்லை. 90-இல் ரீம் ஏறக்குறைய 24 கிலோ, 100-இல் 26.7 கிலோ. கிலோ நூறு ரூபாய் என்று வைத்தாலே ரீமுக்கு 267 ரூபாய், நாற்பது ரீமுக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் கையைவிட்டுப் போனது.

"எக்செல் ஏமாத்திருச்சு பாத்தியா" என்றார் அண்ணாச்சி. ஏமாற்றியது எக்செல் இல்லை, நான்தான். வி-லுக்கப்புக்கு நான்கு விவரம் கொடுக்க வேண்டும்: எதைத் தேட, எந்தப் பட்டியலில், எத்தனையாவது பத்தி, கடைசியாகத் துல்லியமாகத் தேடவா, தோராயமாகத் தேடவா. அந்த நான்காவதை எழுதாமல் விட்டால் தோராயம் என்று எடுத்துக்கொள்ளும். தோராயத் தேடல், அகராதியில் சொல் தேடுகிற மாதிரி. நடுப்பக்கத்தைத் திறக்கும், தேடும் சொல் முன்னே இருக்குமா பின்னே இருக்குமா என்று பார்த்து அந்தப் பக்கம் போகும். அகரவரிசை குலைந்த அகராதியில் அப்படித் தேடினால் என்ன ஆகும்? 130-ஐப் பார்த்தது, 100 அதைவிடச் சின்னது, ஆக மேலே போனது, 90-இல் நின்றது. அடியில் கிடந்த 100-ஐ அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான்காவது இடத்தில் ஒரு பூஜ்யம் போட்டிருந்தால் வரிசை எப்படி இருந்தாலும் சரியான விலை வந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் 2019-இல் அறிவித்த எக்ஸ்-லுக்கப்பில் இந்த வழக்கத்தையே தலைகீழாக்கிவிட்டார்கள். எதுவும் சொல்லாவிட்டால் துல்லியமாகத்தான் தேடும். பழைய எக்செல் ஓடும் கடைகளில் அது இருக்காது. அங்கே அந்தப் பூஜ்யத்தை மறக்காமல் இருப்பதுதான் வழி.

இதைவிட மோசமான ஒன்றைப் பல கடைகளில் பார்த்திருக்கிறேன். பட்டியலில் இல்லாத பெயரைத் தேடினால் "கிடைக்கவில்லை" என்று பொருள்படும் ஒரு குறி கட்டத்தில் வந்து நிற்கும். அது கண்ணை உறுத்துகிறது என்று இஃப்எரர் சூத்திரத்தைப் போட்டு, கிடைக்காவிட்டால் பூஜ்யம் என்று எழுதிவிடுகிறார்கள். பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி கூடிப்போனாலும் மேட் லேமினேஷன் இலவசமாகிவிடும்; மொத்தத் தொகை மட்டும் அழகாக நிற்கும். அந்த உறுத்தல் நேர்மையான பதில். அதை மூடி மறைத்துவிட்டுச் சூத்திரத்தைத் திட்டுவது நியாயமில்லை.

அப்படியானால் தோராயத் தேடலே வேண்டாத பிள்ளையா என்றால், இல்லை. எண்ணிக்கைக்கு ஏற்ற ரேட் வேண்டும்போது அதுதான் கைகொடுக்கும். ஆயிரத்திலிருந்து ஒரு ரேட், மூவாயிரத்திலிருந்து ஒன்று, ஐயாயிரத்திலிருந்து ஒன்று என்று ஏறுவரிசையில் எழுதிவைத்தால், 4,300 என்று கேட்டதும் மூவாயிரத்து வரிசையில் போய் நிற்கும். இந்த இடத்தில் எதிர்க்கட்சிக்கு ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை அவர்கள் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். மூவாயிரத்திலிருந்து ஆயிரத்துக்கு 350 ரூபாய், ஐயாயிரத்திலிருந்து 300 ரூபாய் என்று வையுங்கள். 4,300 நோட்டீஸுக்கு 1,505 ரூபாய். 5,000 நோட்டீஸுக்கு 1,500 ரூபாய். எழுநூறு நோட்டீஸ் கூடுதலாக வாங்குகிறவருக்கு ஐந்து ரூபாய் குறைகிறது! மனக்கணக்குக்காரர் இப்படிச் சொல்லவே மாட்டார். நடுவில் எங்காவது ஒரு எண்ணை நிரவிச் சொல்லிவிடுவார்.

ஆனால் இந்தக் கோணல் எங்கிருந்து வந்தது? ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற பேச்சு வழக்கிலிருந்து வந்தது. பிளேட் போடுவதும், மெஷினில் ஏற்றி கலர் பார்த்து ரெஜிஸ்டர் சேர்ப்பதும் ஆயிரத்துக்கும் ஒன்றுதான், பத்தாயிரத்துக்கும் ஒன்றுதான். அந்த மாறாத செலவை ஆயிரத்து ரேட்டுக்குள் கரைத்துவிடுவதால்தான் எண்ணிக்கை கூடும்போது தள்ளுபடி மாதிரி தெரிகிறது. பிரித்து எழுதிப் பாருங்கள்: ஏற்றுக்கூலியும் பிளேட்டும் 800, அதற்குமேல் ஆயிரத்துக்கு 200. ஆயிரம் அடித்தால் 1,000 ரூபாய், 4,300-க்கு 1,660, 5,000-க்கு 1,800, பத்தாயிரத்துக்கு 2,800, அதாவது ஆயிரத்துக்கு 280. தள்ளுபடி தானாக வந்துவிட்டது, படிக்கட்டு போய்ச் சரிவு வந்துவிட்டது. வாய்க்கணக்கில் நாற்பது வருடம் ஒளிந்திருந்த ஒரு பிசகை அட்டவணைதான் வெளியே இழுத்துப் போட்டது. இதை அண்ணாச்சியிடம் காட்டியபோது வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பத்தாயிரத்துக்காரன்கிட்ட இத்தனை வருசம் கூட வாங்கிட்டமோ?" என்றார். வாங்கியிருக்கிறோம், வேறு சிலரிடம் விட்டும் இருக்கிறோம்.

"பேப்பர் விலை வாரத்துக்கு வாரம் மாறுது, எதை எழுதி வைக்க?" என்பது அடுத்தது. மாறுகிறது என்பதற்காகத்தான் ஓர் இடத்தில் எழுதிவைக்க வேண்டும். கிலோ விலை ஒரே கட்டத்தில் இருந்தால் ஒரு எண்ணை மாற்றினால் போதும். இதற்குள் வேறொரு நியாயமான பயம் இருக்கிறது. போன மாதம் கொடுத்த கொட்டேஷனை இன்று திறந்தால் அதுவும் இன்றைய விலைக்கு மாறி நிற்கும். கட்சிக்காரர் கையில் ஒரு தொகை, நம் திரையில் ஒரு தொகை. மருந்து எளிது. விலைக்குப் பக்கத்தில் "எந்தத் தேதியிலிருந்து" என்று ஒரு பத்தி வைத்து, பழைய விலையை அழிக்காமல் புதியதை அடியில் சேர்த்துக்கொண்டே போவது. கொட்டேஷன் தேதியை வைத்துத் தோராயமாகத் தேடினால் அன்றைக்கு அமலில் இருந்த விலை வரும். தேதி தானாகவே ஏறுவரிசை, ஆகவே மேலே சொன்ன விபத்துக்கும் இடமில்லை. ஜிஎஸ்டி விகிதத்துக்கும் இதே ஏற்பாடு. 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான பொருள்களுக்கு 12 சதவீத அடுக்கும் 28 சதவீத அடுக்கும் எடுக்கப்பட்டபோது, விகிதத்தைச் சூத்திரத்துக்குள்ளேயே எண்ணாக எழுதி வைத்திருந்தவர்கள்பாடு திண்டாட்டம்தான்.

படித்த பிள்ளைகள் வேறொரு ஆயுதத்தோடு வருகிறார்கள். எக்செல்லால் நடந்த பெரிய விபத்துகளை அடுக்குவார்கள். கடன் கூடினால் வளர்ச்சி சுருங்கும் என்று 2010-இல் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் எழுதிய ஆய்வு. 2013-இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் அதன் எக்செல் தாளைத் திறந்து பார்த்தால், மற்ற குறைகளோடு, சராசரிக்குள் ஐந்து நாடுகள் சேராமலே இருந்தன. 2020-இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 16,000 கோவிட் தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் ஏறாமல் போயின. பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு 65,536 வரிசைக்குமேல் கொள்ளாது. இரண்டும் உண்மை. இரண்டாவதற்கும் நம் கடைக்கும் சம்பந்தமில்லை. அறுபத்தைந்தாயிரம் வகைத் தாள் எந்தக் கடையிலும் இல்லை. முதலாவதை மட்டும் நான் மதிக்கிறேன். சூத்திரம் இருபதாவது வரிசையோடு நிற்க, புதுத் தாளை இருபத்தொன்றாவதில் சேர்த்தால் நமக்கும் அந்தக் கதைதான். பட்டியலைத் தேர்ந்து கன்ட்ரோல்-டி (Ctrl+T) அழுத்தி எக்செல் டேபிளாக மாற்றிவிட்டால் சேரச் சேர எல்லையும் நீளும். அந்த ஆய்வில் நடந்த பிழைக்குச் சிவகாசியில் அரை நிமிட மருந்து.

ரேட் ஷீட்டைப் பையன் பென் டிரைவில் கொண்டுபோய்ப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிடுவான் என்ற பயத்துக்கு நான் பெரிதாகப் பதில் சொல்லப்போவதில்லை. கொடுக்க நினைக்கிறவனுக்குப் பென் டிரைவ் தேவையில்லை.

"ஆளைப் பாத்துத்தான் விலை" என்பதுதான் மிச்சம். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானதிலிருந்து ஆர்டர் பிடிக்கும் மும்முரத்தில், வருடா வருடம் வருகிறவருக்கு ஒரு விலை, புதியவருக்கு ஒரு விலை, பணம் இழுத்தடிப்பவருக்கு ஒரு விலை. இதை எந்தச் சூத்திரமும் சொல்லாது, சொல்லவும் கூடாது. தாள் முழுக்கக் கறுப்பு மண்டிய டிசைன் வந்தால் மை எவ்வளவு குடிக்கும், காய எத்தனை நாள் ஆகும் என்பதும் அனுபவக்காரர் கண்ணுக்குத்தான் தெரியும். அந்த இரண்டுக்கும் தாளின் அடியில் இரண்டு கட்டம் காலியாக விட்டிருக்கிறேன். ஒன்று "வேலைச் சிரமம்", இன்னொன்று "ஆள்". அதில் அண்ணாச்சி கையால் அடிப்பார், கூட்டியோ குறைத்தோ. மேலே இருப்பது அடக்கவிலை. முன்பு "மாமா மகன், கொஞ்சம் பாத்துப் போடு" என்று குறைக்கும்போது அடக்கத்துக்குக் கீழே போகிறோமா என்பது யாருக்கும் தெரியாது. இப்போது தெரிந்தே குறைக்கிறார்.

இத்தனை பாடு எதற்கு, எஸ்டிமேட்டுக்குத் தனி மென்பொருளே வாங்கிவிடலாமே என்பார்கள். பெரிய கடைக்குச் சரி. இரண்டு மெஷின் வைத்திருப்பவருக்கு, தன் ரேட்டைத் தானே திறந்து திருத்தக்கூடிய தாள்தான் வசதி.

இப்போது எங்கள் பழக்கம் இதுதான். விசாரணை வந்ததும் அண்ணாச்சி முதலில் வாயால் சொல்வார், நான் தாளில் போடுவேன். வித்தியாசம் இருநூறு ரூபாய்க்கு மேல் போனால் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம். போன வாரம் ஒரு பெட்டி வேலைக்கு அறுநூறு ரூபாய் இடித்தது. அவர் சொன்னதுதான் சரி. லேமினேஷன்காரர் ரேட்டை ஏற்றி இருபது நாள் ஆகியிருந்தது. நான் பட்டியலில் சேர்க்கவில்லை.