கூரையில் காற்றாலை: மின் கட்டணம் குறையுமா?

தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் புதிய மின் கட்டண முறை நடப்பில் உள்ளது. மின்சாரச் செலவைக் குறைக்க வழி தேடும் குடும்பங்களின் கண்ணில், கூரையில் பொருத்தும் சிறிய செங்குத்து அச்சுக் காற்றாலை விளம்பரங்களும் படுகின்றன. பம்பரம் போல் நின்ற இடத்திலேயே சுழலும் இந்த இயந்திரம் நம் வீட்டுக்கு ஒத்து வருமா?

இதன் வடிவமைப்பில் நன்மைகள் உண்டு. காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் சுழலும். திசை பார்த்துத் திரும்ப வேண்டியதில்லை. கனமான ஜெனரேட்டரைக் கீழேயே வைக்கலாம்.

பலவீனமும் அதே வடிவமைப்பில்தான் இருக்கிறது. ஒரு பக்க இறக்கை காற்றோடு போகும்போது, மறுபக்க இறக்கை காற்றை எதிர்த்து வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இறக்கையின் மீது விழும் விசை மாறிக்கொண்டே இருப்பதால் தேய்மானம் அதிகம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 110 மீட்டர் உயரத்துக்கு எழுப்பப்பட்ட 'எயோல்' காற்றாலை, அடிப்பக்கப் பேரிங் பழுதானதால் 1993-இல் நின்றுபோனது.

எந்தக் காற்றாலையும் காற்றிலுள்ள சக்தியில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்பது இயற்பியல் விதி. சிறிய செங்குத்து அச்சுக் காற்றாலை 25 விழுக்காடு எடுத்தாலே நல்லது.

அதைவிட முக்கியம் காற்றின் வேகம். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்காகும். பாதியானால் எட்டில் ஒரு பங்காகிவிடும். '500 வாட்' என்று விற்கப்படும் இயந்திரத்தின் அளவு, பெரும்பாலும் விநாடிக்கு 12 மீட்டர் வேகக் காற்றுக்கானது. நம் நாட்டில் பெரும்பாலான இடங்களில் சராசரி வேகம் 2 முதல் 3 மீட்டர்தான். 3 மீட்டர் காற்றில் அதே இயந்திரம் தருவது சுமார் 8 வாட். ஓர் எல்.இ.டி. விளக்குக்குத்தான் அது போதும்.

மாதக் கணக்கில் அது சுமார் 6 யூனிட். இடையிடையே வீசும் பலத்த காற்றைச் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் 12 யூனிட்தான். அந்தக் காற்றாலைக்குத் தேவையான 2 சதுர மீட்டர் அளவில் ஒரு சூரியசக்தித் தகடு வைத்தால், மாதம் 40 யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். அதில் சுழலும் பாகமும் இல்லை.

அப்படியானால் மலேசியாவில் காற்றாலைக்கே இடமில்லையா? வடகிழக்குப் பருவக்காற்று நேராக வீசும் கிழக்குக்கரைத் தீவுகளின் கதை வேறு. பெர்ஹெந்தியான் தீவில் 2007-இல் 100 கிலோவாட் காற்றாலைகள் இரண்டு, சூரியசக்தியோடும் டீசலோடும் சேர்த்து நிறுவப்பட்டன. ஆனால் செம்பனை மரங்கள் சூழ்ந்த தோட்ட வீட்டுக்கும், வரிசை வீடுகள் நெருங்கிய தாமானுக்கும் அந்தக் காற்று வராது.

விற்க வருபவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "3 மீட்டர் காற்றில் இது எத்தனை வாட் தரும்? எழுத்தில் கொடுக்க முடியுமா?" தெளிவான பதில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம்.